கட்டிய காசு யாருடைய கையில் இருக்கிறது? தோமஸ் குக்கின் வீழ்ச்சியும் மட்டக்களப்பு வாடிக்கையாளரும்

2019 செப்டெம்பர் 23ஆந் திகதி, பிரித்தானிய நேரப்படி அதிகாலை இரண்டு மணியளவில், 178 ஆண்டுகள் பழைமையான தோமஸ் குக் சுற்றுலா நிறுவனம் தன் வியாபாரத்தை நிறுத்திவிட்டதாக அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அறிவித்தது. மட்டக்களப்பில் அப்போது காலை ஆறரை மணி. பாசிக்குடாவில் அந்த ஆண்டின் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இந்த மாவட்டத்தில், அந்த ஆண்டு பருவம் என்று ஒன்று சரியாகத் தொடங்கவே இல்லை என்பதுதான் உண்மை. வெறுமையாய்க் கிடந்த அறைகளைப் பெருக்கிப் பூட்டிக்கொண்டிருந்த விடுதிக்காரர்கள், உலகின் மிகப் பழைய சுற்றுலாக் கம்பனிகளில் ஒன்று விழுந்துவிட்டது என்ற செய்தியைக் கைத்தொலைபேசியில் பார்த்தார்கள்.

அங்கே சிறு விடுதி நடத்தும் உறவினர் ஒருவர் அன்று என்னிடம் கேட்ட முதற் கேள்வி, நாடு திரும்ப வழியின்றி நின்ற பயணிகளைப் பற்றியதாக இருக்கவில்லை. "அந்த ஹொட்டல்காரனுக்கு இனி ஆர் மச்சான் காசு குடுக்கிற?" என்றுதான் அவர் கேட்டார். தொழில் தெரிந்தவரின் கேள்வி அது. வாடிக்கையாளர்கள் அந்த வீழ்ச்சியின்போது அழுததற்கும் கோபப்பட்டதற்கும், வேலை இழந்த விமானப் பணியாளர்களுக்குத் தங்கள் பையிலிருந்து காசு சேர்த்துக் கொடுத்ததற்கும் காரணம் தேடினால், அந்தத் தேடல் இந்தக் கேள்வியிடமே வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் கட்டிய காசு அந்த நேரத்தில் யாருடைய கையில் இருந்தது, அது போனால் யார் பொறுப்பு என்பதே அவர்களின் நடத்தையைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. நம்முடைய ஊரில் ஒரு பயண முகவர் கடையை மூடும்போது மக்கள் ஏன் வேறு விதமாக, பெரும்பாலும் வாயே திறவாமல், நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

சுற்றுலாக் கம்பனியின் பணம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் குடும்பமொன்று ஆகஸ்ட் மாத விடுமுறையை ஜனவரியிலேயே பதிந்து, முற்பணத்தைக் கட்டி, மிகுதியைப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் செலுத்திவிடும். கம்பனியோ ஹொட்டலுக்குரிய பணத்தை விருந்தினர் வந்து தங்கிப் போன பிறகே கொடுக்கும். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று தவணை இழுபடுவது அந்தத் தொழிலில் வழமை. ஆகவே வாடிக்கையாளர் கட்டிய காசு பல மாதங்கள் கம்பனியின் கையில் புழங்குகிறது. நம் ஊர்களில் சீட்டுப் பிடிக்கிறவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. எல்லோரும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும்வரை, பிடிக்கிறவர் கையில் எப்போதும் காசு இருப்பது போலத்தான் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் குறையும் மாதத்தில்தான், அந்தக் காசு அவருடையதல்ல என்பது வெளியே வரும்.

தோமஸ் குக்குக்கு அந்த மாதம் செப்டெம்பர். கோடையில் வந்துபோன விருந்தினர்களுக்காக ஸ்பெயின், கிரேக்கம், துருக்கி, துனீசியா நாடுகளின் ஹொட்டல்களுக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டிய காலம் அது. குளிர்காலத்துக்கான பதிவுகளோ எப்போதும் குறைவு. இது ஆண்டுதோறும் வரும் நெருக்கடிதான். கம்பனி விழுந்ததற்கு வேர், 2007ஆம் ஆண்டு மைட்ராவல் என்ற இன்னொரு சுற்றுலாக் கம்பனியுடன் இணைந்தபோது சேர்ந்த கடனில் இருக்கிறது. 2011 நவம்பரிலேயே வங்கிகள் மேலதிகக் கடன் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றின. அதன் பிறகு வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 120 கோடி பவுண் செலுத்தப்பட்டது. இணையத்தில் ஹொட்டலையும் விமானத்தையும் தனித்தனியே பதிந்துகொள்ளும் பழக்கம் பரவிய காலத்தில், அந்தக் கம்பனி பிரித்தானியத் தெருக்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கடைகளை வைத்துக்கொண்டிருந்தது. 2018 கோடையில் பிரித்தானியாவிலேயே வெயில் கொளுத்தியதால் பலர் வெளிநாடு போவதைத் தள்ளிப்போட்டார்கள். 2019 மே மாதம் அரையாண்டு நட்டம் 150 கோடி பவுண் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 110 கோடி, 2007ஆம் ஆண்டு இணைப்பின் மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கியதால் வந்தது. சீனாவின் ஃபோசுன் குழுமத்தின் தலைமையில் 90 கோடி பவுண் மீட்புத் திட்டமொன்று தயாராகிக்கொண்டிருந்த வேளையில், வங்கிகள் இன்னும் 20 கோடி வேண்டும் என்றன. அது கிடைக்கவில்லை.

அந்த மே மாத அறிவிப்பிலிருந்து செப்டெம்பர் வரை வாடிக்கையாளர்களும் இந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு வகித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நட்டச் செய்தி வந்ததும் பதிவு செய்ய வந்தவர்கள் தயங்கினார்கள். வங்கி முறியப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் வைப்புக்காரர் வரிசையில் நிற்பதுபோல, சுற்றுலாக் கம்பனிக்கு ஆபத்து என்ற பேச்சு எழுந்தால் புதுப் பதிவுகள் நின்றுபோகும். புதுப் பதிவு நின்றால் பழைய கடனைக் கொடுக்க வழி இல்லை. தன் குடும்பத்தின் சேமிப்பைக் காக்க நினைத்த எவரையும் இதற்காகக் குறைகூற முடியாது. ஆனாலும் பலர் கடைசி நாள்வரை பதிந்துகொண்டே இருந்தார்கள். 178 ஆண்டுகள் நின்ற கம்பனி இனியும் நிற்கும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தோமஸ் குக் என்ற மரத்தளபாடத் தொழிலாளி, மது ஒழிப்பில் தீவிரமாக இருந்த பப்ரிஸ்த சபையார், 1841 ஜூலை 5ஆந் திகதி லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு சிலிங் வாங்கி ரயிலில் அழைத்துப்போனதில் தொடங்கியது அந்த நிறுவனம். மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காகவே அவர்கள் போனார்கள். 1948இல் அரசுடைமையாகி, 1972இல் மறுபடியும் தனியார் கைக்குப் போனது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த பெயர். பாட்டன் பாட்டி தேனிலவுக்குப் பதிந்த கடையிலேயே பேரப்பிள்ளையும் பதிந்தது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தபோது கடை பூட்டிக் கிடந்தது.

அப்போது கம்பனியின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் வெளிநாடுகளில் விடுமுறையில் இருந்தார்கள். அவர்களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிரித்தானியாவிலிருந்து போனவர்கள். உலகெங்கும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்களின் வேலை கேள்விக்குறியானது. பிரித்தானியாவில் மட்டும் ஒன்பதினாயிரம் பேர்.

பயணிகள் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை. துனீசியாவின் ஹம்மாமெட் நகரில் ஒரு ஹொட்டல் நிர்வாகம், கம்பனி விழுவதற்கு முன்னைய வார இறுதியிலேயே, தங்கியிருந்த பிரித்தானியர்களிடம் தங்களுக்கு வரவேண்டிய பணத்தை மறுபடி கட்டும்படி கேட்டது. வெளிவாசலைப் பூட்டிக் காவலாளிகளை நிறுத்தியதாகப் பயணிகள் முறையிட்டார்கள். முழுப் பணத்தையும் மாதங்களுக்கு முன்பே கட்டிவிட்ட ஒருவரை இன்னொரு தடவை கட்டச் சொல்வதும் வாசலைப் பூட்டுவதும் எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் என் உறவினரின் கேள்வியோடு பார்த்தால், அந்த ஹொட்டல்காரரின் பதற்றமும் விளங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்துபோனவர்களுக்குச் சோறு போட்டு, படுக்கை விரித்து, வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்து முடித்தவர் அவர். அவருக்கு வரவேண்டிய காசு லண்டனில் எங்கோ கரைந்துபோயிருந்தது. ஏமாற்றப்பட்ட இரண்டு தரப்பும் ஒரே வாசலின் உள்ளும் புறமுமாக நின்றன. ஏமாற்றத்துக்குக் காரணமானவர்கள் அங்கே இருக்கவில்லை.

வேறு இடங்களில் நடந்தது அதற்கு நேர்மாறானது. லாஸ் வேகாஸிலிருந்து மஞ்செஸ்டருக்குப் பறந்த விமானத்தில், தங்கள் வேலை போய்விடும் என்று தெரிந்தும் சம்பளம் கிடைக்குமா என்று தெரியாத நிலையிலும் முகம் சுளிக்காமல் பணி செய்த விமானப் பணியாளர்களுக்காகப் பயணிகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். கண்ணீரோடு நின்ற பணியாளர்களைக் கட்டியணைத்து ஆறுதல் சொன்ன பயணிகள் பலர். விடுமுறை கெட்டுப்போனவர் தன் கெடுதியை மறந்து, வேலை கெட்டுப்போனவருக்காக வருந்தியது அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நடந்தது. கோபம் இல்லாமலில்லை, அது மேலே போனது. கடனில் தத்தளித்த கம்பனியில் நிர்வாகிகள் பெற்ற ஊதியமும் ஊக்கத்தொகையும் பேசுபொருளாகின. நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஃபங்க்ஹவுசர் அக்டோபரில் பாராளுமன்றக் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அப்படி நடந்துகொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தங்கள் காசு திரும்பக் கிடைக்கும், தாங்கள் வீடு போய்ச் சேருவோம் என்ற உறுதி இருந்தது. வயிற்றில் அடி விழவில்லை என்று தெரிந்தவருக்குத்தான் பக்கத்தில் நிற்பவரின் அடி கண்ணில் படும். அந்த உறுதியைக் கொடுத்தது அட்டோல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உரிமத் திட்டம். விமானப் பயணமும் தங்குமிடமும் சேர்ந்த பொதியொன்றை விற்கும் கம்பனி அந்த உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். பதியும் ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண் ஒரு பொது நம்பிக்கை நிதியத்துக்குப் போகும். கம்பனி விழுந்தால் பயணத்தில் இருப்பவரை வீட்டுக்குக் கொண்டுவருவதும், இன்னும் புறப்படாதவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த நிதியத்தின் வேலை.

இந்த நிதியத்தின் வேர் ஒரு பழைய காயத்தில் இருக்கிறது. 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற குழுமமும் அதன் கிளார்க்சன்ஸ் சுற்றுலாக் கம்பனியும் ஒரே நாளில் விழுந்தபோது, ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் வெளிநாடுகளில் சிக்கினார்கள். முற்பணம் கட்டிவிட்டு வீட்டில் இருந்தவர்களின் காசு போயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், கோடைப் பயணங்களுக்கு ஆபத்தில்லை என்று மக்கள் நம்பும்படியாக அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் பேசியிருந்தார். அடுத்த ஆண்டு, 1975இல், பயணிகளுக்கான ஒதுக்கு நிதியம் சட்டமாயிற்று.

2019இல் அந்த நிதியமும் அரசும் சேர்ந்து, 'மேட்டர்ஹோர்ன் நடவடிக்கை' என்ற பெயரில், பல நாட்டு விமானக் கம்பனிகளிடமிருந்து விமானங்களை வாடகைக்கு எடுத்து, அக்டோபர் 6 வரை இரண்டு வாரங்களில் ஒன்றரை இலட்சம் பேரளவில் வீட்டுக்குக் கொண்டுவந்தன. பிரித்தானிய வரலாற்றில் சமாதான காலத்தில் அதுவரை நடந்த மிகப் பெரிய மீட்பு அதுதான். விமானச் சீட்டை மட்டும் வாங்கியவர்களுக்கு அட்டோல் பாதுகாப்பு இல்லாதபோதும், அவர்களையும் பிரித்துப் பாராமல் ஏற்றிவந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் அமைதியடைந்தபோது, இன்னும் புறப்படாதவர்களின் பாடு தொடங்கியது. இவர்கள் எட்டு இலட்சமளவு பேர். பணம் மீளப் பெறுவதற்கான இணையப் பக்கம் அக்டோபர் 7ஆந் திகதி திறந்த சில மணி நேரத்திலேயே கூட்டம் தாங்காமல் தடுமாறியது. சரியான விண்ணப்பம் கிடைத்து அறுபது நாளுக்குள் பணம் வரும் என்றார்கள்; அறுபது நாள் என்பது கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வேறு சீட்டு வாங்க நினைத்த குடும்பத்துக்கு நீண்ட காலம். ஒரு பெரிய கம்பனியின் விமானங்கள் ஒரே இரவில் இல்லாமற்போனதால் மற்றக் கம்பனிகளின் கட்டணம் ஏறியது. பழைய காசு கைக்கு வருவதற்கு முன்பே புதுச் சீட்டு இரண்டு மடங்கு விலையானதைப் பார்த்தவர்களின் கோபம், செப்டெம்பர் மாதக் கண்ணீரைவிடக் கடுமையாக இருந்தது. பணம் பெற்றுத் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கு விபரம் கேட்கும் மோசடிக்காரர்கள் வேறு கிளம்பினார்கள். விமானச் சீட்டு மட்டும் வாங்கியவர்களுக்கு நிதியத்திலிருந்து ஒன்றும் இல்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் அட்டை வழங்கிய வங்கியிடம் கேட்கலாம், பயணக் காப்புறுதியில் அதற்கு இடம் இருந்தால் அங்கே கேட்கலாம். எந்த வழியில் கட்டினோம் என்பதே காசு திரும்புமா இல்லையா என்பதை முடிவு செய்தது.

ஜேர்மனியில் இருந்த வாடிக்கையாளர்கள் இன்னொரு பாடத்தைப் படித்தார்கள். அங்கே பாதுகாப்பு, காப்புறுதி மூலம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் காப்புறுதிக் கம்பனி ஓராண்டில் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகைக்குச் சட்டம் 11 கோடி யூரோ என்று எல்லை போட்டிருந்தது. நட்டமோ அதைவிடப் பல மடங்கு. பாதுகாப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே முழுக் காசு வராது என்ற நிலை. கடைசியில் டிசம்பரில் ஜேர்மன் அரசு மிகுதியைத் தானே கொடுப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் பாதுகாப்பு இருப்பது மட்டும் போதாது, அது எவ்வளவு தூரம் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் 2012 முதல் கனடாவின் ஃபெயார்ஃபக்ஸ் குழுமத்தின் கையில் உள்ள தனி நிறுவனம். அதற்கும் இந்த வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. இருந்தும் அதன் வாடிக்கையாளர்கள் பதறினார்கள், நிறுவனமும் விளக்கம் கொடுத்து ஓய்ந்தது. பெயரை நம்பி வருகிறவர்கள் பெயரைக் கேட்டே அஞ்சியும் ஓடுவார்கள்.

இனி நம் பக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பயண முகவரிடம் முற்பணம் கட்டுகிறவர்களில் உல்லாசத்துக்குப் போகிறவர்கள் குறைவு. காசி, இராமேஸ்வரம், திருப்பதி, வேளாங்கண்ணி என்று குழுவாகப் புறப்படும் வயதானவர்கள். மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப சாமிமார். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று ஊர்களிலிருந்து உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள். மத்தியகிழக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள். நெல் விற்ற காசு, கைம்பெண்ணின் ஓய்வூதியம், பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பியது என்று பல நாள் சேர்த்த காசு அது. பயணம் கெட்டால் ஒரு விடுமுறை கெடுவதோடு அது முடியாது. ஒரு நேர்த்தியும் நிறைவேறாமல் நின்றுபோகும்.

இந்தக் காசுக்கு என்ன பாதுகாப்பு? சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் முகவர் பதிவு செய்திருக்கலாம். அது அவர் தொழில் செய்யத் தகுதியுள்ளவர் என்பதற்கான சான்று. சர்வதேச விமானக் கம்பனிகளின் சங்கமான அயாட்டாவின் அங்கீகாரம் பெற்றிருப்பதாகப் பெயர்ப்பலகையில் போட்டிருக்கலாம். பலர் அதைப் பார்த்துத்தான் நம்பிக் கட்டுகிறார்கள். ஆனால் அந்த அங்கீகாரத்துக்காக முகவர் கொடுக்கும் வங்கி உத்தரவாதம் விமானக் கம்பனிகளைப் பாதுகாப்பதற்கு. முகவர் விற்ற சீட்டுகளின் பணத்தை விமானக் கம்பனிக்கு அனுப்பாமல் விட்டால், அந்த உத்தரவாதத்திலிருந்து விமானக் கம்பனி எடுத்துக்கொள்ளும். முகவரிடம் காசு கட்டிவிட்டு இன்னும் சீட்டுக் கைக்கு வராமல் இருப்பவரைப் பற்றி அது பேசவே இல்லை. பிரித்தானியாவில் இருப்பதைப் போல ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சிறு தொகை சேர்த்து வைக்கும் பொது நிதியம் இங்கே இல்லை.

அப்படி ஒன்றை நடத்தத் தெரியாத நாடு அல்ல இது. வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்பிலிட்டவர்களுக்காக 2010 முதல் மத்திய வங்கியின் கீழ் ஒரு காப்புறுதித் திட்டம் இருக்கிறது. 1940இல் தொடங்கிய, நாடெங்கும் கிளை வைத்திருந்த த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதம் இரத்துச் செய்யப்பட்டபோது, வைப்புக்காரர் ஒருவருக்கு 6 இலட்சம் ரூபாய் என்ற எல்லைக்குள் அந்தத் திட்டத்திலிருந்து பணம் கொடுக்கப்பட்டது. எண்பது ஆண்டுப் பழைய பெயர் அங்கேயும் ஒருவரையும் காப்பாற்றவில்லை; சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட நிதிதான் சிறு வைப்புக்காரரைக் காப்பாற்றியது. சேமிப்புக் கணக்கில் கிடந்த ஐம்பதினாயிரத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, அதே ஐம்பதினாயிரத்தை எடுத்து யாத்திரைக்குக் கட்டிய மறுநாள் இல்லாமற்போவது ஏன் என்று நாம் கேட்டதில்லை.

என் பெரியம்மா 2020 பங்குனியில் காசிக்குப் போவதற்காக, மட்டக்களப்பில் நெடுங்காலம் நடந்துவந்த ஒரு முகவரிடம் 85,000 ரூபாய் கட்டியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து இருபத்தெட்டுப் பேர் கொண்ட குழு. கொரோனா வந்து இந்தியா வாசலை அடைத்தது; பயணம் தள்ளிப்போயிற்று; கடை சில மாதம் அரைக் கதவோடு இருந்தது; பிறகு பெயர்ப்பலகை கழற்றப்பட்டது. பெரியம்மாவிடம் இருந்தது ஒரு மஞ்சள் நிறப் பற்றுச்சீட்டு. கரித்தாள் வைத்து எழுதியதால் எழுத்து மங்கிப்போயிருந்தது. தொகை இருந்தது, திகதி இருந்தது, என்னத்துக்காகக் கட்டிய காசு என்று ஒரு சொல்லும் இல்லை. கீழே இரப்பர் முத்திரையில் 'பணம் மீளளிக்கப்படமாட்டாது' என்று இருந்தது. காணி உறுதியோடு சேர்த்து அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

போய்க் கேளுங்கள் என்று நான் சொன்னபோது அவர் சொன்னது: "என்னெண்டு மனே போய்க் கேக்கிற, பழகின முகம். அவருட மகள்ட கலியாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தநான்." குழுவிலிருந்த மற்ற இருபத்தேழு பேரும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்கள். முகவர் கெட்டவர் அல்ல. அவரும் விமானக் கம்பனிக்கும் தங்குமிடத்துக்கும் முன்கூட்டிக் கட்டி மாட்டிக்கொண்டவர்தான். ஆனாலும் என் மனதை உறுத்தியது வேறொன்று. மஞ்செஸ்டருக்குப் பறந்த பயணிகள் பணியாளரிடம் காட்டிய அதே இரக்கத்தைத்தான் பெரியம்மாவும் முகவரிடம் காட்டினார். அவர்களுடைய இரக்கத்தின் செலவை ஒரு நிதியம் ஏற்றுக்கொண்டது. பெரியம்மாவின் இரக்கத்துக்கு அவரே 85,000 ரூபாய் கட்டினார். அந்த மௌனத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், கிழக்கிலே வாடிக்கையாளர் முறைப்பாடே இல்லை என்று பதிந்துகொள்ளக்கூடும்.

காலம் போகப் போக அந்தக் காசின் பெறுமதியும் போயிற்று. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது, இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. விமானக் கட்டணமும் அதோடு ஏறியது. 2020இல் காசிக்குப் போய்வரப் போதுமாக இருந்த பணம், முழுவதாகத் திரும்பி வந்தாலும் சென்னைக்கு மேல் கொண்டுபோயிருக்காது. காலதாமதமும் ஒரு நட்டம் என்பதை அட்டோல் விண்ணப்பத்துக்காக அறுபது நாள் காத்திருந்தவர்கள் உணர்ந்ததைவிட நாம் கடுமையாக உணர்ந்தோம்.

நிதியம் வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. முழுப் பணத்தையும் பயணத்துக்கு மாதங்களுக்கு முன் கட்டுவதைத் தவிர்க்கலாம். சீட்டு வழங்கப்பட்டதும் பெறும் பதிவு இலக்கத்தை வைத்து, நம் பெயரில் சீட்டு உண்மையில் இருக்கிறதா என்று விமானக் கம்பனியிடமே கேட்டு உறுதி செய்யலாம். பற்றுச்சீட்டில் எந்தப் பயணம், எந்தத் திகதி, எதெல்லாம் சேர்த்தி, பயணம் நடக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கையில் காசாகக் கொடுக்காமல் கம்பனியின் வங்கிக் கணக்கில் இட்டால் பின்னர் காட்டுவதற்கு ஒரு சாட்சி இருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். சிறு பணப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஊர் மனிதர்கள் முன் உட்கார்ந்து பேசுவதால், பழகின முகத்தோடு பகைத்துக்கொள்ளத் தயங்குகிறவர்களுக்கு நீதிமன்றத்தைவிட அது ஏற்றது.

பெரியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. முகவர் வந்தார், கடனை மறுக்கவில்லை. பத்துத் தவணையில் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு குழுவிலிருந்த இன்னும் ஒன்பது பேர் தங்கள் மஞ்சள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள்; மற்றவர்கள் வரவில்லை. பெரியம்மாவுக்கு இதுவரை ஆறு தவணை வந்திருக்கிறது.